சின்ன நாடகத்துக்கு ஆள் சேக்க முரசா, ஒலியா, வாட்ஸ்அப்பா?

சிங்கப்பூர்ல குட்மன் ஆர்ட்ஸ் சென்டர் பிளாக்பாக்ஸ் அரங்கம் மாதிரி சின்ன இடத்துல தமிழ் நாடகம் போடறவங்க எல்லாருக்கும் இருக்கற குழப்பம் இதுதான், கையில இருக்கற கொஞ்ச காசையும் நேரத்தையும் எதுல போடறது? நாலஞ்சு நாடகத்துக்கு விளம்பர வேலை பாத்ததுல எனக்குப் பட்டத சொல்றேன்.

டிக்கெட் விக்கறதுல வாட்ஸ்அப்ப அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா போஸ்டர குரூப்ல தட்டி விட்டா காலை வணக்கத்துக்கு நடுவுல காணாம போயிடும், நடிக்கறவங்க ஒவ்வொருத்தரும் "அக்கா, சனிக்கிழமை நான் மேடை ஏறறேன், கண்டிப்பா வரணும்"னு தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும், அப்பதான் சீட்டு நிறையும். என்ன ஒண்ணு, வர்றவங்க எல்லாம் சொந்தக்காரங்க, ஆபீஸ் ஆளுங்க, மத்த குழு நடிகருங்க. வருஷா வருஷம் அதே முகந்தான்.

புது முகம் வேணும்னா தமிழ் முரசுதாங்க. 1935ல கோ. சாரங்கபாணி ஆரம்பிச்சது, இங்க இருக்கற ஒரே தமிழ் நாளிதழ். போன நாடகத்துக்கு உட்லண்ட்ஸ்லருந்து ஒரு அம்மா நாடகம் நடந்த மவுண்ட்பேட்டன் வரைக்கும் எம்ஆர்டி ரயில்ல தனியா வந்தாங்க, வாசல்ல பர்ஸ திறந்து நாலா மடிச்ச பேப்பர் துண்ட எடுத்து "இதுல போட்ருந்த நாடகம் இதானே தம்பி"ன்னாங்க. எங்க குழுவுல ஒருத்தருக்கும் அவங்கள தெரியாது. எனக்குத் தொண்டையே அடச்சிடுச்சு.

ஆனா முரசுல செய்தி வரணும்னா மெனக்கெடணும். முதல் தடவ இங்கிலீஷ்ல எழுதி, போஸ்டர கூட சேத்து, ரெண்டு நாளைக்கு முன்னாடி அனுப்பினோம், எங்கயும் வரல. இப்பல்லாம் மூணு வாரம் முன்னாடியே தமிழ்ல எழுதிடறோம், தேதி இடம் டிக்கெட் விலை முதல் பத்தியிலயே, கூட முகம் தெளிவா தெரியற ரிகர்சல் படம், இடமிருந்து வலமா யார் யாருன்னு பேரு.

தமிழ் வானொலி ஒலி 96.8 டாக்ஸியிலயும் சமையக்கட்டுலயும் கேக்கும், ஆனா காதுல விழுந்ததோட போயிடும். அதனால பேட்டிக்கு டைரக்டர்தான் போகணும்னு இல்ல, நல்லா பேசற நடிகர அனுப்பி ஒரு நிமிஷ காட்சிய அங்கயே பேசிக் காட்டச் சொல்லுங்க, பேரு மனசுல நிக்கும். இன்ஸ்டாகிராம்ல காசு குடுத்து பூஸ்ட் பண்ணோம், லைக் வந்துச்சு, ஆள் வரல.

இன்னொண்ணு, ஏப்ரல்ல தமிழ் மொழி விழா, நவம்பர்ல எஸ்பிளனேட் கலை அரங்கத்துல கலா உத்சவம்ங்கற இந்தியக் கலை விழா, அந்த நேரத்துல சின்னக் குழுவுக்கு செய்தியில இடம் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், நடுவுல ஒரு மாசமா பாத்து தேதி வைங்க.

என்னக் கேட்டா முதல்ல முரசு, அப்புறம் வாட்ஸ்அப். செய்தி வந்த அன்னிக்கே அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து வாய்ஸ் மெசேஜோட சேத்து அனுப்பிடுங்க, மறுநாளுக்குன்னு வைக்காதீங்க.