மந்த வயிற்றுக்கு எந்தக் கசப்பு? நிலவேம்பு முதல் ஓமம் வரை ஓர் அலசல்

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடலோர ஊரிலும் "வயிறு மந்தமாக இருக்கிறது" என்று வாய்திறந்தால் போதும், "நிலவேம்பைக் காய்ச்சிக் குடி" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்கள். மீன் குழம்புக்கு இரண்டு முறை சோறு வாங்கியவருக்கும் அதுதான் மருந்து. கீழக்கரைக் கல்யாணத்தில் பிரியாணிக்கு மேல் தொதல் என்ற இனிப்பையும் ஒரு கை பார்த்தவருக்கும் அதுதான் மருந்து. கசப்பு வயிற்றுக்கு இதம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற கசப்புகளில் நிலவேம்பை முதலிடத்தில் வைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை.

நிலவேம்புக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குக் காரணம் காய்ச்சல். டெங்கு பரவிய ஆண்டுகளில் தமிழக அரசே அதை மக்களுக்கு வழங்கியது. அந்தக் குடிநீர் தனி நிலவேம்பு அன்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்த கூட்டு மருந்து. நம் வீடுகளில் நடப்பது வேறு. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த செடியை ஒரு கட்டு வாங்கி, கண் அளவாகப் போட்டு, ஒரு பானை காய்ச்சி, மிச்சத்தை மறுநாளும் சூடுபடுத்திக் குடிக்கிறார்கள். கஷாயம் அன்றைக்குக் காய்ச்சி அன்றைக்கே குடிக்க வேண்டியது. 200 மில்லி தண்ணீரை 50 மில்லியாகச் சுண்ட வைத்தால் ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். காவிரித் தண்ணீர் வராத நாளில் ஊர்க் கிணற்று உவர் நீரில் காய்ச்சினால் கசப்போடு உப்பும் சேர்ந்து குமட்டும். இத்தனை பாடுபட்டு, உண்ட பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஏனென்றால் கசப்பின் வேலை நாக்கில் தொடங்குகிறது. கசப்பை உணரும் ஏற்பிகள் மனிதருக்குச் சுமார் 25 வகை உண்டு. அவற்றின் மரபணுக் குடும்பம் 2000-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பிறகு குடலிலும் அவை இருப்பது தெரிய வந்தது. நாக்கில் கசப்பு பட்டதும் உமிழ்நீர் ஊறுகிறது, வயிறும் வரப்போகும் சோற்றுக்கு ஆயத்தமாகிறது. ஆகவே கசப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால், நாக்கில் படும்படி, கொஞ்சமாக எடுக்க வேண்டும். கசப்பு தெரியாதிருக்க மாத்திரையாக விழுங்குகிறவர் பாதி வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்.

மேல்நாட்டாரும் இந்த வழியில்தான் போனார்கள். ஜென்ஷியன் போன்ற கசப்பு வேர்களைச் சாராயத்தில் ஊறவைத்து, சாப்பாட்டுக்கு முன் சில சொட்டு எடுப்பது அவர்கள் வழக்கம். பிட்டர்ஸ் என்று அதற்குப் பெயர். வெனிசுவேலாவின் அங்கோஸ்தூரா நகரில் சீகெர்ட் என்ற ஜெர்மானிய ராணுவ மருத்துவர் 1824-இல் உருவாக்கிய கலவைக்கு இன்றும் உலகச் சந்தை இருக்கிறது. சாராயத்தில் ஊறியது ஆண்டுக்கணக்கில் கெடாது. நம் தண்ணீர்க் கஷாயத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஆனால் கெடாமல் வைக்க நம்மிடமும் ஒரு வழி இருந்தது: மோர், உப்பு, வெயில். கடைசி இரண்டும் இந்தக் கரையில் தாராளம். வற்றல் என்பது நம் ஊர்ப் பிட்டர்ஸ் என்று நான் சொல்வேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்த வகையில் எனக்குப் பிடித்தது வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் பூ உதிரும். முன்னிரவில் மரத்தடியைப் பெருக்கிப் பழைய சேலையை விரித்துவிட்டால் விடியலில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். காம்பையும் எறும்பையும் புடைத்து நீக்கி, வெயில் ஏறுமுன் முறத்தில் பரப்ப வேண்டும். மூன்று நான்கு நாளில் சருகாகக் காய்ந்து பழுப்பு நிறத்துக்கு வந்துவிடும். இலையின் கசப்பு முகத்தைச் சுளிக்க வைக்கும். பூவின் கசப்பில் தேன் வாசனை ஒட்டிக்கொண்டிருப்பதால் அடம்பிடிக்கிற ஆளும் சாப்பிட்டுவிடுவார். நெய்யிலோ நல்லெண்ணெயிலோ சிறு தீயில் வறுத்து ரசத்தில் போடலாம். வறுக்கும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. கண் இமைக்கும் நேரத்தில் கருகும், கருகிய பூ ரசத்தையே கெடுக்கும்.

பருவமும் நமக்குத் தோதாக அமைகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏறி, வீடுகளில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் காலம் அது. உப்பும் காரமும் எண்ணெயுமாகச் சாப்பிடும் அந்த மாதங்களில்தான் வேப்பம்பூவும் காசில்லாமல் கிடைக்கிறது. பூவுக்கு இருக்கும் ஒரே எதிரி நம் கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டப்பாவுக்குள் நமுத்துப் பூசணம் பிடித்துவிடும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, மழைக்கு முன் ஒரு முறை மறுபடி வெயில் காட்டி வைத்தால் அடுத்த பூ வரும் வரை தாங்கும்.

சுண்டைக்காய் வற்றலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோரில் ஊறி உலர்ந்தது, எங்கும் கிடைக்கும், எண்ணெயில் பொரித்தால் போதும். உப்பு ஏகமாக இருக்கும் என்பதால் ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடு நிறுத்த வேண்டும். மணத்தக்காளி வற்றல் அதற்குச் சாதுவான தம்பி. வயதானவர்களுக்கு அதுவே ஏற்றது.

தனித்தனியாகப் பார்ப்பதைவிட இவற்றைச் சேர்த்து அங்காயப் பொடியாக இடித்து வைப்பதுதான் என் தேர்வு. பிள்ளை பெற்ற வீட்டுப் பத்தியத்தில் இருப்பதாலோ என்னவோ, ஆண்கள் அதைத் தங்களுக்கானதாக நினைப்பதில்லை. ஒரு கைப்பிடி சுண்டை வற்றல், அதில் பாதி மணத்தக்காளி வற்றல், இரண்டு மேசைக்கரண்டி வேப்பம்பூ, விரல் நீளச் சுக்கு, ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி சீரகம், ஒரு பிடி கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். ஒவ்வொன்றையும் தனியாக வறுத்து, சுக்கை முதலில் நசுக்கி, பிறகு எல்லாவற்றையும் பொடிக்க வேண்டும். வற்றலிலேயே உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம். சூடான சோற்றின் முதல் கவளத்தில் ஒரு தேக்கரண்டி பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து உண்ட பிறகு மீன் குழம்புக்குப் போகலாம். சாப்பாட்டுக்கு முன், நாக்கில் பட, கொஞ்சமாக என்ற மூன்று நிபந்தனைகளும் இதில் நிறைவேறிவிடுகின்றன. காய்ச்சும் வேலையும் இல்லை, கெஞ்சும் வேலையும் இல்லை.

பிரண்டையைக் கசப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும் பசியெடுக்கவில்லை என்றால் அதுவும் போட்டிக்கு வரும். வேலியில் படர்ந்திருக்கும், கேட்டால் யாரும் தடுக்க மாட்டார்கள். கொழுந்துக் கணுக்களாக ஒடித்து நார் உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் செய்கிற வேலை அது. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளியும் உளுந்தும் நம் முண்டு மிளகாயும் சேர்த்து அரைத்தால் தொண்டை அரிக்காது. (2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய், துவையலுக்கு அதன் காரம் கச்சிதம்.) ருசியில் பிரண்டைத் துவையல் இவை எல்லாவற்றையும் தோற்கடித்துவிடும். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் இருக்காது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

இனி ஓமம். வயிறு உப்பி, ஏப்பம் வராமல் தவிக்கும்போது கசப்பைத் தேடுவது வீண். அங்கே ஓமத்துக்குத்தான் வேலை. அதன் நெடிக்குக் காரணம் தைமால் என்ற எண்ணெய்ப் பொருள். ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் வெடிக்கும் வரை வறுத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளராக வற்றியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஒரு சில்லு போட்டால் குழந்தையும் முகம் சுளிக்காது. பொடி சாப்பாட்டுக்கு முன், ஓமத் தண்ணீர் சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் போட்டியே இல்லை. நிலவேம்பைக் காய்ச்சலுக்கு, சித்த மருத்துவர் சொல்லும் அளவில் விட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்கு அது கூடவே கூடாது. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் குடிக்கக் கூடாது.

நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவுமே வேண்டாம். கசப்பும் மிளகும் அமிலத்தைக் கிளறிவிடும். கைக்குழந்தைக்கு வயிற்று வலி என்று வேப்பெண்ணெயைச் சங்கில் ஊற்றுகிற பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அதைக் குடித்த சிசுக்களுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மலம் கறுத்துப் போனாலும், காரணமில்லாமல் உடல் இளைத்தாலும் கஷாயத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடக்கைக்குப் பரவும் வலி என்றால் வாய்வு என்று ஓமத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அடுப்பு பற்ற வைக்கிற நேரத்தில் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.