பிரிட்டன் உரிமமா, குராசாவ் உரிமமா: மின்விளையாட்டுப் பந்தயத் தளங்கள்

பிரிட்டனில் இருந்துகொண்டு கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா 2 போன்ற கணினி விளையாட்டுகளின் போட்டிகளில் பந்தயம் கட்டுபவர் முன் இருவகைத் தளங்கள் உள்ளன: நாட்டின் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்றவை ஒன்று, கரீபியன் கடலிலுள்ள குராசாவ் தீவின் உரிமத்தை மட்டும் காட்டும் வெளிநாட்டுத் தளங்கள் மற்றொன்று. கிரிப்டோவில் பணம் செலுத்தும் வசதி, தாராளமான போனஸ் ஆகியவை பின்னவற்றின் கவர்ச்சி.

ஆனால் தளத்தின் உண்மைக் குணம் வென்ற பணத்தை எடுக்கும்போதுதான் தெரியும். ஆணையத்தின் விதிப்படி வயதையும் அடையாளத்தையும் பந்தயத்துக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். முன்னரே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றிலோ பாஸ்போர்ட் நகல், மின்கட்டண ரசீது, அடையாள அட்டையைக் கையில் பிடித்த செல்ஃபி எல்லாம் வென்ற பிறகுதான் கேட்கப்படுகின்றன. தகராறு முற்றினால், உள்நாட்டு உரிமத் தளத்தின் வாடிக்கையாளர் கட்டணமின்றிச் சுயேச்சையான நடுவரை அணுகலாம்.

குராசாவ் தலைமை உரிமம் பெற்ற சில நிறுவனங்களே பிற தளங்களுக்கு உரிமம் வழங்கிய தன் பழைய துணை உரிம முறையைக் கைவிட்டு 2024 டிசம்பரில் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது நல்ல மாற்றமே. எனினும் அந்த உரிமம் பிரிட்டனில் செல்லாது. 2020 முதல் அங்கு நடப்பிலுள்ள கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதற்கான தடையோ, சூதாட்டத் தளங்களிலிருந்து ஒருவர் தன்னைத்தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் (GAMSTOP) பதிவோ இத்தகைய தளங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சூதிலிருந்து விலக முயல்பவருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. உள்நாட்டுத் தளங்களிலும், நிறுவனம் திவாலானால் வைப்புப் பணம் எவ்வளவு காக்கப்படும் என்பது தளத்துக்குத் தளம் மாறும். அதை விதிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.