செயின் வண்டி அறுவடை: வாடகைக்கு எடுத்த அனுபவம்

இந்தத் தை அறுவடைக்கு மன்னார்குடி பக்கம் ஒருவரிடம் செயின் வண்டி, அதாவது சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் நெல் அறுவடை இயந்திரம், பிடித்தேன். மணிக்கு 2,500 ரூபாய். டயர் வண்டி மலிவுதான், ஆனால் மழை விட்டு நாலு நாள்கூட ஆகாத சம்பா வயலில் இறக்கினால் அச்சு வரை புதைந்துவிடும். இது வாய்க்கால் ஓரச் சேற்றிலும் ரப்பர் பட்டையில் மிதந்து போனது. சாய்ந்து கிடந்த கதிரில் முக்கால்வாசியை வாரி எடுத்துவிட்டது.

அந்தப் பட்டையைப் பார்த்ததும் சின்ன வயதில் எங்கள் ஊருக்குச் சாலை போட வந்த மஞ்சள் புல்டோசர் ஞாபகம் வந்தது. அதற்கு இரும்புப் பட்டை. முதலில் சின்ன பெட்ரோல் என்ஜினைக் கிளப்புவார்கள், அப்புறம் அது பெரிய டீசல் என்ஜினைச் சுற்றிவிடும். அந்த முதல் கரும்புகையைப் பார்க்காமல் நாங்கள் பள்ளிக்கூடம் போனதில்லை. மண்ணில் ஏணி மாதிரி தடம் விழும். மழை பெய்தால் கட்டத்துக்குக் கட்டம் தலைப்பிரட்டை.

1904-ல் அமெரிக்காவில் பண்ணை இயந்திரங்கள் செய்துவந்த பெஞ்சமின் ஹோல்ட் இந்தப் பட்டையை மாட்டிப் பார்த்ததே கலிஃபோர்னியா டெல்டாவின் இளகிய மண்ணில் சக்கரம் புதைந்ததால்தான். சாலை வேலையெல்லாம் பிறகு வந்தது.

சரி, குறைக்கு வருகிறேன். ஏழு மணிக்கு என்ற வண்டி பதினொன்றரைக்கு வந்தது. லாரியிலிருந்து இறக்கிய நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள்; சண்டை போட்டுக் குறைத்தேன். வைக்கோல் நைந்துபோனது, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டிரைவர் தம்பி மட்டும் தங்கம், ஒரு வரப்பைக்கூட உடைக்கவில்லை. அடுத்த தைக்கும் இவர்களைத்தான் கூப்பிடுவேன், கையில் கடிகாரத்தோடு.