ட்ரவுட் மீனுக்கு நிம்ஃப்: அச்சு அசல் பூச்சியா, ஃபெசன்ட் டெய்லா?

நம் சுங்கை சிப்புட் பக்கத்து ஆறுகளில் ட்ரவுட் கிடையாது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ஆனாலும் நியூசிலாந்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போகும்போது தூண்டிலையும் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு வரும் சந்தேகம் இதுதான்: மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் கட்டும் பொய்ப்பூச்சியைக் கால், கண் எல்லாம் வைத்து நிஜப் பூச்சி போலவே கட்டுவதா, இறகிழையில் கட்டும் எளிமையான ஃபெசன்ட் டெய்லே போதுமா?

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் சிறகு முளைக்கும் முன் ஆற்றின் அடியில் வாழும் பருவம்தான் நிம்ஃப்; அதைப் போலக் கட்டும் பொய்ப்பூச்சிக்கும் அதே பெயர். ட்ரவுட்டின் சாப்பாட்டில் பெரும்பங்கு தண்ணீருக்கு அடியில்தான் கிடைக்கிறது.

முதலில் அச்சு அசல் வகை. இதற்கு நம் ஊரில் சாமானுக்குப் பஞ்சமில்லை. ரப்பர் கையுறையை மெல்லிய நாடாவாக வெட்டி, வால் பக்கம் நன்றாக இழுத்துச் சுற்ற வேண்டும். நெஞ்சுப் பக்கம் வர வர பிடியைத் தளர்த்த வேண்டும். உடம்பு தானாகவே வாலில் ஒல்லியாகவும் முன்னால் பருத்தும் வரும், ஒவ்வொரு சுற்றும் ஒரு வளையமாகத் தெரியும். நைலான் நரம்பின் நுனியைத் தீயில் காட்டினால் உருண்டு கண்ணாகிவிடும். இறகிழையில் முடிச்சுப் போட்டால் முழங்கால். கையில் வைத்துப் பார்த்தால் ஊர்ந்து போய்விடுமோ என்று தோன்றும், அவ்வளவு அழகு.

ஆனால் ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள். வார்னிஷ் பூசிய கால்கள் விறைத்தே நிற்கும், எதுவும் அசையாது. ஓடும் தண்ணீரில் அந்தக் கால்கள் துடுப்பு போல் தண்ணீரை வாங்கி நரம்பையும் முறுக்கிவிடும். தவிர, நம் வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும்.

அடுத்தது ஃபெசன்ட் டெய்ல். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் உருவாக்கியது. நூலே கிடையாது. மெல்லிய செம்புக் கம்பியும் ஃபெசன்ட் கோழியின் வாலிறகு இழைகளும் மட்டும்தான். கம்பியே நூல், கம்பியே பாரம். மோட்டார் சுருள் சுற்றும் கடையில் கேட்டால் தலைமுடி போன்ற கம்பி கிடைக்கும். இதற்குக் கால் கிடையாது, அது வேண்டுமென்றே விட்டது. சாயர் பார்த்த மேஃப்ளை நிம்ஃப் நீந்தும்போது காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்ளும். கால் வைத்திருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும். என் கணக்கில் இரண்டில் உண்மையான நகல் இதுதான். பூச்சி தட்டில் எப்படிக் கிடக்கிறது என்பதை விட்டுவிட்டு, தண்ணீரில் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துச் செய்தது. அதைச் சட்டென்று மூழ்கவிட்டு, மீனின் முகத்துக்கு நேரே தூண்டில் நுனியை மெல்ல உயர்த்தினால் பூச்சி மேலே நீந்துவதாக நினைத்து ட்ரவுட் கவ்வும்.

முயல் காது ரோமத்தில் கட்டும் ஹேர்ஸ் இயர் இரண்டுக்கும் நடுவில். பிசிறு பிசிறாக நிற்கும் ரோமம் காலுக்குக் காலும் ஆகும், அசைவுக்கு அசைவும் ஆகும். கட்டப் பழகுகிறவர்களுக்கு நல்லது.

சரி, அப்படியானால் அச்சு அசல் வகை வீணா? இல்லை, ஸ்டோன்ஃப்ளைக்கு அதுதான் என் தேர்வு. அதன் நிம்ஃப் சரியாக நீந்தாது, கல்லில் ஊரும் ஜாதி. பிடி நழுவினால் காலை விரித்தபடி உருண்டு வரும். உருவமும் பெரிது, இரண்டு வாலும் பளிச்சென்று தெரியும். அங்கே கால் வைத்துக் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. மெதுவாக ஓடும் தெளிந்த மடுவிலும், மீனுக்கு உற்றுப் பார்க்க நேரம் இருப்பதால், இதைப் போட்டுப் பார்க்கலாம். கையுறை நாடாவை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள்.

ஆழமான, வேகமான நீருக்கு எந்த வகையானாலும் தலையில் டங்ஸ்டன் என்ற கனமான உலோகத்தில் செய்த மணி கோருங்கள். அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு, பித்தளைக்கு 8.5 அளவுதான். மணி சிறிதாகவே இருக்கும், ஆனால் சீக்கிரம் அடிக்குப் போகும்.

பெட்டியில் பாதிக்கு மேல் 14, 16 எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சிறிது) ஃபெசன்ட் டெய்ல் இருக்கட்டும். 8 எண்ணில் ஸ்டோன்ஃப்ளை சில போதும். அப்புறம், நியூசிலாந்தில் இறங்கும்போது ஏற்கெனவே பயன்படுத்திய தூண்டில் சாமானையும் இறகுகளையும் படிவத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.