‘ஸ்டேபிள்’ என்று எழுதுவதா, ‘புக்வோர்ம்’ என்று எழுதுவதா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், மென்பொருள்களை இறக்கும் களஞ்சியத்தை அமைப்புக் கோப்பில் இரண்டு விதமாகக் குறிக்கலாம். ஒன்று, அப்போதைய நிலையான பதிப்பைச் சுட்டும் ‘ஸ்டேபிள்’ என்ற பொதுப்பெயர். மற்றொன்று ‘புக்வோர்ம்’ போன்ற பதிப்பின் சொந்தப் பெயர்.

பொதுப்பெயர் நிலையாக நிற்பதில்லை. 2023 ஜூனிலிருந்து அது புக்வோர்மைச் சுட்டியது; 2025 ஆகஸ்டில் அடுத்த பதிப்பான டிரிக்ஸி வெளியானதும் அதற்குத் தாவிவிட்டது. அதன் பிறகு, மென்பொருள்களை நிறுவும் கருவியான ஆப்டில் ‘ஆப்ட் அப்டேட்’ கட்டளை கொடுத்தவர்களிடம், களஞ்சியத்தின் பெயர் மாறியிருக்கிறது, ஏற்கிறீர்களா என்று ஆப்ட் நின்று கேட்கும். அந்த வரியைப் படிக்காமல் ‘ஒய்’ விசையைத் தட்டிவிட்டால், அடுத்த மேம்படுத்தலில் நூற்றுக்கணக்கான மென்பொருள் தொகுப்புகள் வரிசைகட்டி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இது பெரிய ஆபத்து. சொந்தப் பெயரை எழுதினால் பதிப்பு மாறும் நாளை நாமே தீர்மானிக்கலாம். ஆதரவு எப்போது முடிகிறது என்பதையும் நாமேதான் கவனிக்க வேண்டும். அந்தச் சிரமத்தோடு சேர்த்தே என் வாக்கு இதற்குத்தான்.

எந்த வழியில் மாறினாலும், ‘ஆப்ட்-கெட்’ கட்டளை இறக்கிய பழைய தொகுப்புகள் தற்காலிகச் சேமிப்பில் தங்கிவிடும். அதன் ‘ஆட்டோகிளீன்’ கட்டளை, களஞ்சியத்தில் இனி கிடைக்காதவற்றை மட்டும் நீக்கும். ‘கிளீன்’ எல்லாவற்றையும் துடைத்துவிடும். இணைய வேகம் குறைவென்றால் முன்னதே போதும்.