ஹூக்ளியில் ஏழு வருடம்: கலங்கல் சென்சாரும் ஏடிசிபியும் எப்படி உழைத்தன?

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி ஆற்றில், டைமண்ட் ஹார்பருக்கும் சாகர் தீவுக்கும் நடுவே ஏழு வருடமாகத் தண்ணீரின் ஓட்டத்தையும் அதில் மிதந்து வரும் வண்டலையும் அளந்துகொண்டிருக்கிறேன். கையில் இருப்பவை ஒரு ஏடிசிபி (ஒலியலை அனுப்பி ஒவ்வொரு ஆழத்திலும் ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி), தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று காட்டும் இரண்டு கலங்கல் சென்சார், வேண்டிய ஆழத்தில் மூடித் தண்ணீர் எடுக்கும் ஐந்து லிட்டர் நிஸ்கின் பாட்டில் ஒன்று. வாங்கலாமா என்று கேட்டு அடிக்கடி போன் வருவதால் எழுதிவைக்கிறேன். கம்பெனிப் பெயர் சொல்லப்போவதில்லை. நான் பட்ட தொல்லைகளில் பாதி ஆறு கொடுத்தது, மீதி என் அவசரம்.

ஆறு அப்படிப்பட்டது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் (கடல்நீர் உள்ளே ஏறுவது) வற்றத்துக்கும் (வெளியே இறங்குவது) இடையே நீர்மட்டம் ஐந்து மீட்டர் வரை மாறும். ஏற்றம் குறைந்த நேரத்தில் முரட்டுத்தனமாக வந்து முடியும். வற்றம் சாவகாசமாக இறங்கும். உள்ளே தள்ளிக்கொண்டு வந்த சேற்றை வெளியே இழுத்துப்போக அதற்குத் தெம்பு போதாது. கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்கத்தான் 1975இல் ஃபராக்கா அணையைத் திறந்து, 38 கிலோமீட்டர் கால்வாய் வழியாகக் கங்கை நீரை இங்கே திருப்பினார்கள். தூர்வாரும் கப்பல்களுக்கு இன்னும் ஓய்வில்லை. ஆகவே ஒரு மணி நேரம் அளந்துவிட்டு வருவதில் பயனில்லை. ஒரு ஏற்றவற்றம் முழுதாக முடிய 12 மணி 25 நிமிடம் ஆகும். நாங்கள் 13 மணி நேரம் படகில் இருப்போம்.

மாஜி (படகோட்டி) "ஜோயார்!" என்று கத்துவார், ஏற்றம் வந்துவிட்டது என்று. நங்கூரக் கயிறு தளர்ந்து படகு அப்படியே மறுபக்கம் திரும்பும். கொஞ்ச நேரத்தில் ஏடிசிபி கட்டிய இரும்புக் குழாய் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். வேகம் உச்சத்துக்குப் போன பிறகும் கலங்கல் ஏறிக்கொண்டே இருக்கும். சேறு கிளம்பி மேலே வர நேரம் வேண்டும் அல்லவா? முதல் வருடம் இதைப் பார்த்து சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

சென்சார் உண்மையில் தடம் புரண்டது வேறு இடத்தில். அது அளப்பது சேற்றை அல்ல, சேற்றில் பட்டுத் திரும்பும் ஒளியை. ஒரே எடைக்கு நுண்ணிய களி நிறைய ஒளியைத் திருப்பும், மணல் கொஞ்சம்தான் திருப்பும். அதனால் மழைக்கால வண்டலுக்குப் போட்ட கணக்கு கோடையில் பொருந்தாது. ஃபார்மசின் என்ற செயற்கைக் கலங்கல் கரைசலில் அளவு சரிபார்த்த சான்றிதழைக் காட்டி விற்பார்கள். சரி, அது கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அடியில் சேறு குழம்பாகத் தேங்கும் இடங்களில் இன்னொரு கூத்து: ஒரு அளவுக்கு மேல் அடர்த்தி போனால் ஒளி திரும்பி வரவே வழியில்லாமல் எண் இறங்கும். திரையைப் பார்த்தால் தண்ணீர் தெளிந்ததுபோல இருக்கும்! உப்பு ஏறும் மாதங்களில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரி வேறு ஒட்டும். சென்சாரின் முகத்தைத் துடைக்கும் துடைப்பான் ரப்பரை மணல் தின்றுவிடுகிறது. பழைய பல்துலக்கி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

ஏடிசிபி பற்றிப் பெரிய குறை இல்லை, அதன் பார்வைக்குட்படாத இடங்கள் தெரிந்தவரை. ஒலிக்கற்றைகள் 20 டிகிரி சாய்ந்த கருவியில் அடித்தரையை ஒட்டிய ஆறு சதவீத ஆழம் கைக்கு வராது. பத்து மீட்டர் ஆழத்தில் அறுபது சென்டிமீட்டர். சேறு அதிகம் ஓடுவதும் அங்கேதான். அப்புறம், அது தரையை வைத்துப் படகின் நகர்வைக் கணக்கிடும். வேகமான ஏற்றத்தில் தரைமணலே நகர்கிறது; கருவியோ படகுதான் ஓட்டத்தை எதிர்த்துப் போகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்துச் சொல்லும். ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றினேன். அதற்குத் திசைகாட்டி சரியாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டியிருந்ததால் ஒரு முழுநாள் தரவு வீணானது. இப்போது எஞ்சினுக்குத் தூரமாக, முன்பக்கம் கட்டுகிறேன்.

பாட்டில் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. பாட்டிலை மூடவைக்கும் தூதுக்கட்டி என்ற சிறு எடை கயிற்றில் இறங்கி 'டக்' என்று மூடி விழும் சத்தம் கையிலேயே தெரியும். அந்தத் தண்ணீரை வடிகட்டி, தாளில் தங்கியதை 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டால் அதுதான் சேறு. ஆனால் வடிதாளைக் காய்ச்சி வடித்த நீரால் நன்றாகக் கழுவுங்கள். சாகர் பக்கம் கோடையில் லிட்டருக்கு 20 கிராம் உப்பு என்று வையுங்கள். தாளில் அரை மில்லி தங்கினாலே 10 மில்லிகிராம் கூடிவிடும். கால் லிட்டர் மாதிரியில் சேறே 100 மில்லிகிராம்தான் என்றால், பத்து சதவீதப் பிழை உப்பிலிருந்தே வந்துவிட்டது.

இன்று புதிதாகத் தொடங்கினால் ஒரு சென்சாரைக் குறைத்துக்கொண்டு, அந்தக் காசில் நல்ல தராசும் உலர் அடுப்பும் முதலில் வாங்குவேன். மீதமிருந்தால் துடைப்பான் ரப்பர் ஒரு டஜன்.