பழைய பின்பால் மெஷின் வைத்திருக்கிறீர்களா? எனக்கு 640 டாலர் போன கதையைப் படியுங்கள்

நேற்று இரவு பேஸ்மென்டில் கிளம்பிய புகை நாற்றம் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நான் இருப்பது சிகாகோ புறநகரில். பாலி கம்பெனி 1977-ல் கொண்டுவந்த ‘எயிட் பால்’ என்ற பின்பால் மெஷின், அதாவது சாய்ந்த பலகையில் இரும்புப் பந்தை உதைத்து ஆடும் மெஷின், ஒன்று வீட்டில் இருக்கிறது. போன மாதம் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பம்பரின் (பட்ட பந்தை உதைத்துத் தள்ளும் பாகம்) காயில், அதாவது அதை இழுக்கும் மின்காந்தச் சுருள், ‘டக்’கென்று இழுத்துக்கொண்டு விடவே இல்லை. சில நொடிகளில் ஆட்டப் பலகைக்கு அடியில் இருக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸ் போனது. மாற்றினேன், அதுவும் போச்சு. சரி, நமக்கு எதற்கு வம்பு என்று, வீட்டுக்கே வந்து பழைய ஆர்கேட் மெஷின்களைச் சரிசெய்து தரும் ஒரு கடையைக் கூப்பிட்டேன்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். சின்ன வயதில் காசு சேர்த்து இதே மெஷினை ஆடியதாகச் சொன்னார். என் மகளைப் பக்கத்தில் நிறுத்தி, மேல் கண்ணாடியை உருவிவிட்டு, பந்தை விரலால் உருட்டி எந்த ஸ்விட்ச் எதை உதைக்கும் என்று காட்டினார். நான் விழுந்தது அங்கேதான். குழந்தைக்கு இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறவர் ஏமாற்றவா போகிறார் என்று மாடிக்குப் போய் அவருக்குக் காபி போட்டேன். காபி போட்டேன்!

பில்லில் இருந்தது இது: டிரைவர் போர்டில் (காயில்களை இயக்கும் சர்க்யூட் பலகை) எல்லா டிரான்சிஸ்டரும் (காயிலுக்குக் கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் மாதிரி, இது போனால் காயில் இழுத்தபடியே நிற்கும்) புதிது, பழைய பேட்டரி அகற்றப்பட்டது, 30 நாள் உத்தரவாதம், மொத்தம் 640 டாலர். “அபூர்வமான மெஷின், சாமான் கிடைப்பதில்லை” என்றார். அபூர்வமாம்! இருபதாயிரத்துக்கு மேல் விற்ற மெஷின் இது. அந்த டிரான்சிஸ்டருக்குப் பதிலாகப் போடும் டிப் 102 என்ற புது டிரான்சிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. இது எனக்குத் தெரிந்தது இன்று காலையில்தான்.

பத்தொன்பது நாள் ஓடியது. நேற்று மகள் ஆடும்போது அதே பம்பர் மறுபடி இழுத்துக்கொண்டு நின்றது. இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை, புகைதான் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பலகையைத் தூக்கினால், காயிலைச் சுற்றிய காகிதம் கருகி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழல் உருகி வழிந்திருந்தது. ஃபியூஸின் உலோக மூடியைத் திருப்பிப் பார்த்தேன். 10 ஆம்பியர். அந்தக் காயிலின் தடை சுமார் 11 ஓம், அதற்கு வருவது 43 வோல்ட், ஆக ஓடுவது கிட்டத்தட்ட 4 ஆம்பியர். 1 ஆம்பியர் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்துக் காயிலைக் காப்பாற்றியிருக்கும். இவர் போட்டது நின்று வேடிக்கை பார்த்தது.

போர்டுகள் இருக்கும் பின்பெட்டியையும் திறந்தேன். ஒரே ஒரு டிரான்சிஸ்டர் பளபளவென்று இருந்தது, மற்றதெல்லாம் பழைய தூசியோடு அப்படியே. அகற்றியதாகச் சொன்ன பேட்டரி பச்சை பூத்துப் போர்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. காயிலின் முனையில் இருக்கும் டையோடுக்கு ஒரு கால் முறிந்திருந்தது. காயில் விடும்போது திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தை அந்த டையோடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் எத்தனை டிரான்சிஸ்டர் போட்டாலும் சாகும். மூல வியாதி அதுதான். 640 டாலர் வாங்கியவர் அதைத் தொடவே இல்லை.

காலையில் போன் செய்தேன். “ஐம்பது வருஷத்துப் பழசு, இன்றைக்கு ஒன்று போகும், நாளைக்கு இன்னொன்று போகும்” என்றார். படங்களை அனுப்பினேன். உத்தரவாதம் போர்டுக்குத்தான், காயிலுக்கு இல்லையாம். கடைக்கே பேசினால், அவர் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தத்துக்கு வருகிறவர் என்று ஒரு பெண் சொன்னார். பில்லில் உங்கள் கடைப் பெயர்தானே இருக்கிறது என்றேன். வேண்டுமானால் மறுபடி வந்து பார்க்க 185 டாலர் ஆகும் என்றார். 640 போதாதாம்!

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரமாக ஒன்றிரண்டு மட்டும். வேலை நடக்கும்போது பக்கத்தை விட்டு நகராதீர்கள். கழற்றிய சாமான்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுக்கும் முன் ஃபியூஸ் மூடியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். காசு போடும் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கி எல்லாக் காயிலையும் ஒவ்வொன்றாக உதைக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள். என் வீட்டில் அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

கார்டு கம்பெனிக்குப் புகார் போட்டாயிற்று. மெஷின் பிளக் இல்லாமல் நிற்கிறது. மகள் கீழே இறங்க மாட்டேன் என்கிறாள்.